ஆக்சிஜன் கணக்கு தமிழில் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 11 அன்று கொரோனாவைப் பெருந்தொற்று என்றது. உலகளாவிய சுகாதார அவசரநிலை முடிந்ததாக 2023 மே 5 அன்று அறிவித்தது. இந்த மூன்றாண்டுகளில் மயக்கவியல் மருத்துவர்களுக்கு வந்த வழிகாட்டுதல்களும் திருத்தங்களும் எண்ணிலடங்காதவை. எல்லாமே ஆங்கிலம். மருத்துவருக்கு அது தடையில்லை. ஆனால் சிலிண்டர் வால்வைத் திறக்கும் பணியாளர், ஆக்சிஜனை ஈரமாக்கும் ஹியூமிடிஃபயர் பாட்டிலில் தண்ணீர் மாற்றும் நர்ஸ், ராமேசுவரத்திலிருந்து மதுரை வரை ஆம்புலன்ஸில் நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்து வரும் பணியாளர் ஆகியோரின் கையில்தான் அந்த வழிகாட்டுதல் செயலாகிறது. அவர்களுக்கு அது தமிழில், நிமிடமாகவும் லிட்டராகவும் போய்ச் சேர வேண்டும். அடுத்த தொற்று வரும்வரை காத்திருக்காமல் இப்போதே சேர வேண்டும் என்பதற்காக, ராமநாதபுரம் கடலோரத்துக்குப் பொருந்துகிற விஷயங்களை மட்டும் இங்கே எழுதுகிறோம்.

முதலில் சிலிண்டர். 'ரெண்டு சிலிண்டர் இருக்கு' என்பது கணக்கே அல்ல. எந்த சிலிண்டர், மீட்டரில் முள் எங்கே நிற்கிறது, நோயாளிக்கு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் போகிறது என்ற மூன்றும் தெரிந்தால்தான் கணக்கு. ஆம்புலன்ஸில் பார்க்கும் பி டைப் சிலிண்டரின் தண்ணீர்க் கொள்ளளவு 10 லிட்டர். ஆபரேஷன் தியேட்டர் பின்புறம் வரிசையாக நிற்கும் பெரிய டி டைப்புக்கு 46.7 லிட்டர். அந்த எண்ணை மீட்டர் 'பார்' அளவில் காட்டும் அழுத்தத்தால் பெருக்கினால் உள்ளே இருக்கும் ஆக்சிஜன் லிட்டரில் கிடைத்துவிடும். முள் 150இல் நின்றால் பி டைப்பில் 1,500 லிட்டர், டி டைப்பில் ஏறக்குறைய 7,000 லிட்டர். முள் 100க்கு இறங்கிவிட்டால் பி டைப்பில் 1,000 லிட்டர்தான். இதை ஒருநாள் சொல்லிக் கொடுத்தால் யாரும் மனக்கணக்காகவே போட்டுவிடலாம்.

இப்போது சாலைக்கு வருவோம். ராமேசுவரத்திலிருந்து ராமநாதபுரம் சுமார் 55 கிலோமீட்டர். பை வைத்த மாஸ்க்கில் நிமிடத்துக்கு 15 லிட்டர் போகும் நோயாளிக்கு, ஏற்றி இறக்கும் நேரத்தையும் சேர்த்து ஒன்றேகால் மணி நேரம் என்று வைத்தால் 1,125 லிட்டர் தேவை. நிரம்பிய பி டைப் ஒன்று போதும் என்றுதான் தோன்றும். போதாது. வழியில் வண்டி நின்றால், மாஸ்க் கசிந்தால், போய்ச் சேர்ந்த இடத்தில் படுக்கைக்காகக் காத்திருக்க நேர்ந்தால் என்று பாதியளவைக் கூட்டியே ஏற்ற வேண்டும். கூட்டினால் கிட்டத்தட்ட 1,700 லிட்டர், ஆகவே இரண்டு. மதுரைவரை ஏறக்குறைய 170 கிலோமீட்டர், மூன்றரை மணி நேரம் என்றால் 3,150 லிட்டர். பாதியைக் கூட்டினால் 4,725 லிட்டர். நான்கு பி டைப் வேண்டும், அல்லது நிரம்பிய டி டைப் ஒன்றைப் பட்டையால் இறுகக் கட்டி எடுத்துப் போக வேண்டும். சாயல்குடியிலிருந்தோ தொண்டியிலிருந்தோ அனுப்பினாலும் முறை இதுதான். தூரம் மட்டும் மாறும். ரெஃபரல் சீட்டில் இரத்த அழுத்தம் எழுதுவதுபோல, புறப்படும்போது சிலிண்டர் அழுத்தம் எவ்வளவு, ஓட்டம் எவ்வளவு, எத்தனை மணிவரை தாங்கும் என்பதையும் எழுதுவது கட்டாயமாக வேண்டும்.

இதில் ஒரு கண்கட்டு உண்டு. வால்வைத் திறந்து மீட்டரைப் பார்த்துவிட்டு மறுபடி மூடினால், அழுத்தத்தைக் குறைத்துத் தரும் ரெகுலேட்டருக்குள் சிக்கிய வாயுவின் அழுத்தத்தால் முள் 150இலேயே நிற்கும். அவசரத்தில் அதைப் பார்த்து 'ஃபுல்லா இருக்கு' என்று நோயாளிக்கு மாட்டினால் சில நொடிகளில் ஓட்டம் நின்றுவிடும். அதனால் முள்ளைப் பார்ப்பது மட்டும் சோதனை ஆகாது. வால்வை இரண்டு சுற்றுத் திறந்து, ஓட்டத்தைக் காட்டும் ஃப்ளோமீட்டரை 10 லிட்டரில் வைத்து, அரை நிமிடம் முள்ளையே கவனிக்க வேண்டும். முள் அசையாமல் நின்றால் சரி. விழுந்தால் வால்வு மூடியிருக்கிறது, அல்லது அடைத்திருக்கிறது.

கடற்கரை மருத்துவமனைகளுக்கே உரிய ஆபத்து ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். உப்புக்காற்றில் வால்வு இறுகிப்போகிறது. படகு இன்ஜினையும் வீட்டுத் தாழ்ப்பாளையும் சரிசெய்த பழக்கத்தில் இரண்டு சொட்டு எண்ணெயோ கிரீஸோ விட்டால் திறக்கும் என்று நினைப்பது இயல்பு. ஆக்சிஜன் சிலிண்டரில் அதைச் செய்யவே கூடாது. அதிக அழுத்தத்தில் இருக்கும் ஆக்சிஜன் சட்டென்று பாயும்போது அந்த இடம் கடுமையாகச் சூடாகும்; அங்கே எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பொறி தேவையில்லை, தானே தீப்பிடிக்கும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிய கையும், சானிடைசர் காயாத கையும் இதில் ஒன்றுதான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த பிறகே சாவியைத் தொட வேண்டும். இறுகிய வால்வுள்ள சிலிண்டரை 'பழுது' என்று சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்பிவிட வேண்டும். ரெகுலேட்டரை மாட்டுமுன் ஆளில்லாத பக்கம் திருப்பி வால்வை ஒரு நொடி லேசாகத் திறந்து மூடினால் வாயில் ஒட்டிய மணலும் தூசியும் பறந்துவிடும். திறப்பது எப்போதும் மெதுவாக. சிலிண்டரின் அடிப்பகுதியில் துரு பொருக்குப் பொருக்காக உதிர்கிறதா, தோளில் பொறித்த அழுத்தச் சோதனைத் தேதி ஐந்தாண்டைத் தாண்டிவிட்டதா என்று வண்டியிலிருந்து இறக்கும்போதே பார்த்து வாங்க வேண்டும்.

மயக்க மருந்து இயந்திரத்தில் மாட்டும் சிறிய சிலிண்டர்களில் யோக் எனும் மாட்டும் சட்டத்தின் இரண்டு பின்கள் காவல் நிற்கின்றன. ஆக்சிஜனுக்கு 2, 5 இடங்கள். நைட்ரஸ் ஆக்சைடுக்கு 3, 5. கசிகிறது என்று வாஷருக்கு மேல் இன்னொரு வாஷர் வைத்தால் பின் குழிக்குள் எட்டாமல் போய், தவறான சிலிண்டரும் பொருந்திவிடும். ஒரு வாஷர்தான். பழையதை எடுத்துவிட்டுப் புதியது போட வேண்டும்.

அடுத்தது தண்ணீர். நம் மாவட்டத்தில் குடிதண்ணீருக்கே பாடு. போர் தண்ணீர் பல ஊர்களில் உவர்ப்பு. அதை ஹியூமிடிஃபயர் பாட்டிலில் ஊற்றினால் குமிழி விடும் முனையில் உப்புப் பொருக்குக் கட்டி அடைத்துக்கொள்ளும், கிருமியும் வளரும். காய்ச்சி வடித்த நீர் அல்லது மலட்டு நீர் மட்டும், இரண்டு கோடுகளுக்கு நடுவே ஊற்றி, தினமும் பழைய நீரைக் கொட்டிப் பாட்டிலைக் கழுவி மாற்ற வேண்டும். நிமிடத்துக்கு 4 லிட்டர் வரை மூக்குக் குழாயில் கொடுக்கும்போது பெரும்பாலானவர்களுக்கு ஈரப்பதமே தேவைப்படாது. பாட்டில் இல்லாமலே கொடுக்கலாம். பாட்டில் வைத்தால் மாட்டியவுடன் வெளிவரும் குழாயைக் கட்டைவிரலால் அடைத்துப் பாருங்கள். சில நொடிகளில் விசில் அடித்தால் மூடி சரியாக இருக்கிறது. சத்தமே வராவிட்டால் மூடி விரிந்திருக்கிறது அல்லது மரை ஏறவில்லை. ஃப்ளோமீட்டர் குண்டு 10இல் ஆடிக்கொண்டிருக்கும், நோயாளிக்கோ ஒன்றும் போகாது. பை வைத்த மாஸ்க்காக இருந்தால், மூச்சு இழுக்கும்போது பை ஒட்டிப்போகாத அளவுக்கு ஓட்டம் வைக்க வேண்டும். 5 லிட்டரில் அந்த மாஸ்க்கைப் போடுவது தீங்கு.

பெருந்தொற்றில் ஆக்சிஜனை அதிகம் விழுங்கியது மூக்குவழி உயர் ஓட்டக் கருவி. நிமிடத்துக்கு 60 லிட்டர், 100 சதவீத ஆக்சிஜன் என்று வைத்தால் ஒரு டி டைப் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. ஒரு நாளைக்கு 12 சிலிண்டருக்கு மேல் ஆகும். அதே 60 லிட்டர் ஓட்டத்தில் ஆக்சிஜன் அளவை 60 சதவீதமாகக் குறைத்தால், மீதி அறைக்காற்று என்பதால், தூய ஆக்சிஜன் நிமிடத்துக்கு 30 லிட்டர் அளவே செலவாகும். பாதிக்குப் பாதி மிச்சம். நோயாளியின் இரத்த ஆக்சிஜன் அளவு 92 முதல் 96 சதவீதம் வரை நின்றால் போதும். 99 காட்ட வேண்டும் என்று ஏற்றிவைப்பது பக்கத்துக் கட்டிலில் இருப்பவரின் மூச்சை எடுத்துக்கொடுப்பதாகும். குழாய்களும் இதற்காகப் போடப்பட்டவை அல்ல. பத்துக் கட்டிலில் இந்தக் கருவி ஓடினால் நிமிடத்துக்கு 600 லிட்டர். வரிசையின் கடைசிக் கட்டிலில் அழுத்தம் விழுந்து வென்டிலேட்டர் அலறும். குப்புறப் படுக்கவைப்பதற்கு ஒரு லிட்டர்கூடச் செலவில்லை. நினைவுள்ள நோயாளியை முதலில் அதற்குப் பழக்க வேண்டும்.

காற்றிலிருந்து ஆக்சிஜன் பிரிக்கும் நிலையங்கள் 2021க்குப் பிறகு அரசு மருத்துவமனைகள் பலவற்றில் வந்தன. அவற்றின் உயிர் ஜியோலைட் என்னும் மணிகளில் இருக்கிறது. அவை நைட்ரஜனைப் பிடித்துவைத்து ஆக்சிஜனை விடுகின்றன. ஈரம் ஏறினால் அவை கெட்டுப்போகும், திரும்ப வராது. கடற்கரையில் ஈரமும் உப்பும் கூடுதல் என்பதால் உறிஞ்சும் ஃபில்டர், உலர்த்தி, தண்ணீர் வடியும் டிரெயின், கூலரின் இதழ்கள் ஆகியவற்றைக் கம்பெனிக் கையேடு சொல்லும் இடைவெளிக்கு முன்பே கவனிக்க வேண்டும். தூய்மை 93 சதவீதம், மூன்று கூடவோ குறையவோ இருக்கலாம். காட்டும் மீட்டரின் சென்சார் தேய்ந்துபோகும் பொருள்; அது சொல்வதை மட்டும் நம்பாமல் தியேட்டர் இயந்திரத்தின் அளவோடு ஒப்பிட வேண்டும். மயக்கவியல் மருத்துவர்கள் நினைவில் வைக்க வேண்டிய இன்னொன்று: இந்த ஆக்சிஜனில் ஆர்கான் என்ற வாயுவும் கலந்து வரும். குறைந்த ஓட்டத்தில் நெடுநேரம் மயக்கம் கொடுத்தால் அது மூச்சு சுற்றிவரும் இயந்திர வளையத்துக்குள் சேர்ந்துகொண்டே போய் ஆக்சிஜன் சதவீதத்தைக் கீழே இழுக்கும். இடையிடையே ஓட்டத்தை உயர்த்தி வெளியேற்ற வேண்டும். கரண்டு போனால் நிலையம் நிற்கும். ஆகவே நிலையம் இருக்கிறது என்று சிலிண்டர் வரிசையைக் காலி செய்வது கூடாது.

தொண்டைக்குள் ட்யூப் போடும் முறையில் 2020இல் வந்த மாற்றங்களில் சில நிலைத்தன, சில உதிர்ந்தன. அனுபவம் மிகுந்தவரே போடுவது, அறையில் தேவையான ஆட்கள் மட்டும் இருப்பது, மாஸ்க்கை இரு கையாலும் இறுகப் பிடித்து 3 முதல் 5 நிமிடம் ஆக்சிஜன் நிரப்புவது, மாஸ்க்குக்கும் குழாய்க்கும் நடுவே வைரஸ் ஃபில்டர் வைப்பது, தசை தளர்த்தும் மருந்தான ரோக்குரோனியம் என்றால் எடையில் கிலோவுக்கு 1.2 மில்லிகிராம் முழுமையாகக் கொடுத்து இருமல் வராமல் போடுவது, ட்யூப்பின் நுனியிலுள்ள கஃப் எனும் பலூனை ஊதிய பிறகே மூச்சுக் கொடுப்பது, வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடைக் காட்டும் கேப்னோகிராஃப் அலையைப் பார்த்து உறுதிசெய்வது ஆகியவை நிலைத்தன. நிலைக்கவும் வேண்டும். நோயாளியின் தலைமேல் கவிழ்க்கும் கண்ணாடிப் பெட்டி உதிர்ந்தது. கையைச் சுருக்கி, ட்யூப் போடும் நேரத்தை நீட்டியது. அமெரிக்க மருந்து நிர்வாகம் 2020 ஆகஸ்டிலேயே, காற்றை உறிஞ்சாத அத்தகைய பெட்டிகளுக்குத் தந்த அவசர அனுமதியைத் திரும்பப் பெற்றது. இன்னும் ஸ்டோரில் இருந்தால் எடுத்துவிடலாம். அதே ஆண்டுக் கடைசியில் பிரிட்டனின் பிரிஸ்டல் ஆய்வாளர்கள், ட்யூப் போடும்போது கிளம்பும் நுண்துளிகள் ஒரு இருமலில் கிளம்புவதைவிடக் குறைவு என்று அளந்து காட்டினார்கள். இதற்குப் பொருள் மருத்துவருக்கு என்95 வேண்டாம் என்பதல்ல. வார்டில் இருமும் நோயாளிக்கு மருந்து கொடுக்கும் நர்ஸுக்கும், கட்டிலைத் தள்ளும் பணியாளருக்கும் அதே என்95 வேண்டும் என்பதுதான். முகக்கவசப் பங்கீட்டில் அவர்கள் கடைசியில் நிற்கக் கூடாது.

ஃபில்டர் பற்றி ஒரு வார்த்தை. ஈரமும் சளியும் ஏறினால் அது அடைத்துக்கொள்ளும். அழுத்தம் ஏறும், நெஞ்சில் மூச்சுச் சத்தம் குறையும். மூச்சுக்குழல் சுருங்கிவிட்டது என்று மருந்துக்கு ஓடுவார்கள். முதலில் ஃபில்டரை மாற்றிப் பாருங்கள். நெபுலைசர் மருந்தை அதன் வழியாக விட்டால் இன்னும் சீக்கிரம் அடைக்கும். சோதனைக்கு வாயுவின் மாதிரியை மானிட்டருக்கு எடுத்துச் செல்லும் மெல்லிய குழாயை ஃபில்டருக்கு இயந்திரப் பக்கம் மாட்ட வேண்டும். நோயாளிப் பக்கம் மாட்டினால் கிருமி நேராக மானிட்டருக்குள் போகும். சின்ன ஊர் தியேட்டர்களில் இருக்கும் ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை, அறைக்காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது. மணிக்கு 12 முறை காற்று மாறும் அறையில் மிதக்கும் துகள்களில் 99 சதவீதம் வெளியேற 23 நிமிடம் ஆகும். 6 முறை என்றால் 46 நிமிடம். ஸ்ப்ளிட் ஏசி அறைக்கு அந்தக் கணக்கே பொருந்தாது. எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டே ஆக வேண்டும்.

வென்டிலேட்டர் பற்றாக்குறையில் மயக்க இயந்திரத்தையே ஐசியூவுக்குக் கொண்டுபோக நேர்ந்தால், அதன் துருத்தியை இயக்கும் வாயு எது என்று முதலில் பார்க்க வேண்டும். ஆக்சிஜனால் இயங்கினால், நோயாளி நிமிடத்துக்கு 8 லிட்டர் மூச்சு விடும்போது துருத்திக்கும் ஏறக்குறைய 8 லிட்டர் செலவாகும். அழுத்தக் காற்றுக்கு மாற்றினால் ஒரு நாளில் 11,520 லிட்டர் மிச்சம். ஒன்றரை டி டைப்புக்கு மேல். நாளுக்கு ஒருமுறை அணைத்து இயந்திரச் சோதனை ஓட்ட வேண்டும். அந்த நேரத்தில் கையால் அழுத்தும் பை பக்கத்தில் இருக்க வேண்டும்.

சிசேரியன், குடலிறக்கம், கால் முறிவு போன்றவற்றுக்கு முதுகு ஊசியே நல்லது. நுரையீரலைத் தொட வேண்டாம், துளிகளும் கிளம்பாது. ஆனால் கொரோனா நோயாளிகளுக்கு இரத்தம் உறையாமலிருக்க ஈனாக்சபரின் போட்டிருப்பார்கள். 40 மில்லிகிராம் தடுப்பளவு என்றால் 12 மணி நேரம், சிகிச்சையளவு என்றால் 24 மணி நேரம் கழித்தே முதுகில் ஊசி குத்தலாம். முன்பே குத்தினால் தண்டுவடத்தைச் சுற்றி இரத்தம் கட்டிக் கால் செயலிழக்கும் ஆபத்து உண்டு. எனவே கடைசி ஊசியின் தேதியும் மணியும் ரெஃபரல் சீட்டின் மேல் பெரிதாக இருக்க வேண்டும்.

தொற்று வந்துபோனபின் அவசரமில்லாத அறுவைக்கு எத்தனை நாள் காத்திருப்பது? 116 நாடுகளில் 1,40,000 பேருக்கு மேல் பார்த்த ஆய்வு 2021 மார்ச்சில் வந்தது. தொற்றுக்குப் பின் 6 வாரத்துக்குள் அறுவை செய்தவர்களில் 30 நாள் இறப்பு சுமார் 4 சதவீதம். 7 வாரம் கடந்தவர்களில் தொற்றே வராதவர்களைப் போல 1.5 சதவீதம். அதனால்தான் 'ஏழு வாரம்' என்ற விதி. தடுப்பூசியும் ஓமிக்ரானும் வந்த பிறகு அது தளர்ந்தது. 2023இல் அமெரிக்க மயக்கவியல் சங்கம், முதல் 2 வாரம் தவிர்த்து, 2 முதல் 7 வாரத்துக்குள் ஆளையும் அறுவையையும் பார்த்து முடிவெடுக்கலாம் என்றது. மூச்சிரைப்பு போகாதவருக்கு ஏழு வாரமும் போதாது. 'ஏழு வாரம் ஆகாவிட்டால் தொடவே மாட்டோம்' என்று இன்றும் புற்றுநோய்க் கட்டியைத் தள்ளிப்போடுவது தவறு.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் கருத்த தோலில் உண்மையைவிடக் கூட்டிக் காட்டக்கூடும் என்பது 2020 டிசம்பரில் வெளியான அமெரிக்க ஆய்வுக்குப் பின் பரவலாகப் பேசப்பட்டது. வெயிலில் வேலை செய்யும் மீனவர்களுக்கும், கடல்பாசி எடுக்கும் பெண்களுக்கும் இதை மனதில் வைத்துப் படிக்க வேண்டும். 93 காட்டினாலும் மூச்சு வேகமாக ஓடினால் மூச்சையே நம்ப வேண்டும். நகப்பூச்சும் விரல்நுனியில் அப்பிய கருமருதாணியும் எண்ணைக் கெடுக்கும். கீழக்கரைக் கல்யாண வீட்டிலிருந்து வந்த பெண்ணுக்குக் காது மடலில் மாட்டலாம்.

2020 டிசம்பரில் புரெவி புயல் மன்னார் வளைகுடாவில் நம் கரைக்கருகே நகராமல் நின்று வலுவிழந்தது. தொற்றும் புயலும் ஒரே மாதத்தில் வரும் கரை இது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை, சாலை அடைபட்டாலும் கரண்டு போனாலும் மூன்று நாள் தாங்கும் ஆக்சிஜன் ஒவ்வொரு கடலோர மருத்துவமனையிலும் இருக்க வேண்டும். அந்த மூன்று நாளை லிட்டரில் எழுதிவைக்க வேண்டும்.

ராமநாதபுரத்தில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாயிற்று. அதன் மயக்கவியல் துறையும் மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து, மேலே சொன்ன சிலிண்டர்க் கணக்கு, வால்வுச் சோதனை, பாட்டில் விசில் சோதனை, ஈனாக்சபரின் இடைவெளி ஆகியவற்றை ஒரே தாளில், தள்ளி நின்று படிக்கும் எழுத்தில் தமிழில் அச்சிட்டு, சிலிண்டர் அறைக் கதவிலும் ஆம்புலன்ஸின் உள்பக்கச் சுவரிலும் ஒட்டித்தர வேண்டுகிறோம். புதிய வழிகாட்டுதல் வரும்போது தாளையும் மாற்றி, பழையதைக் கிழித்தெடுக்க வேண்டும். தேதி தாளின் தலைப்பிலேயே இருக்க வேண்டும். தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் மாதம் ஒருமுறை கால் பத்தி இடம் தந்தால், மாற்றங்களை எழுதித்தர நாங்கள் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
அரசு, தனியார் மருத்துவமனைகளில் பணிபுரியும் மயக்கவியல் மருத்துவர்கள்,
ராமநாதபுரம்.